ஒரு ராத்திரி தங்க எங்களுக்கும் ஒரு கட்டில் வேண்டும்!



நான் பேரிகையிலிருந்து எழுதுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். வயது முப்பத்தாறு. பிளஸ் டூ வரை படித்தவள். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட். இரண்டு பிள்ளைகள். கூட என் அத்தை, அதாவது மாமியார், இருக்கிறார். நானும் வீடும் சரியாகிப் போச்சு என்று ஓடிக்கொண்டிருப்பவள்தான்.

இந்தப் பகுதியில் சமையல், குழந்தை வளர்ப்பு, மாமியார் பிரச்னை என்று எத்தனையோ பேர் எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது ஒரு கட்டிலைப் பற்றி. சிரிக்காதீர்கள், முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு நிமிஷம் அடுப்பை அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்ததிலிருந்து இன்று வரை எந்தெந்த இடத்தில் ராத்திரி தூங்கியிருக்கிறீர்கள்? நான் போட்டுப் பார்த்தேன். அம்மா வீடு. புகுந்த வீடு. சித்தி வீடு, நாத்தனார் வீடு. இரண்டு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி. ஒரு தடவை கோயில் டூர், பஸ்ஸிலேயே தூக்கம். அவ்வளவுதான்! நானே காசு கொடுத்து, என் பேரைச் சொல்லி, எனக்கென்று ஒரு படுக்கை வாங்கித் தூங்கியது முப்பத்தைந்து வயது வரை ஒரு ராத்திரிகூடக் கிடையாது. ஆண்களைக் கேட்டால் விரல் விட்டு எண்ண முடியாத அளவுக்குச் சொல்வார்கள்.

இதில் என்ன பெரிய குறை என்று நானும்தான் நினைத்திருந்தேன். 2024 ஜூலை மாதம் வரைக்கும்.

எதிர்வீட்டு அக்கா எனக்குச் சிநேகிதி. என்னைவிட ஐந்து வயது பெரியவர். வீட்டில் தெலுங்கு பேசுவார், என்னோடு தமிழ். எங்கள் பக்கத்தில் இது சகஜம். அவர் மகளுக்குத் தெற்கே ஒரு ஊரில் காலேஜில் இடம் கிடைத்தது. ஊர் பேர் வேண்டாம். அவர் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் தக்காளி பறிப்பு, விட்டுவிட்டு வர முடியவில்லை. "நீ கூட வர்றியா கண்ணு? பாப்பாவைச் சேர்த்துட்டு மறுநாளே வந்திடலாம்" என்று கூப்பிட்டார். போனேன்.

ரயிலில் ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் இறங்கினோம், காலேஜில் பணம் கட்டினோம், பெண்ணை ஹாஸ்டலில் விட்டோம். எல்லாம் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. திரும்பி வர ரயில் மறுநாள்தான். சரி, ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கலாம் என்று போனோம்.

முதல் லாட்ஜில் இருந்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை, எங்களுக்குப் பின்னால் பார்த்தார். "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" இல்லை என்றோம். ரூம் இல்லை என்றார். அவர் தலைக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன! இரண்டாவது இடத்தில் ஆதார் அட்டையை நீட்டினோம். "லேடீஸ் மட்டும்னா குடுக்கறதில்லைம்மா, வம்பு" என்றார்கள். மூன்றாவது இடத்துக்குப் போக எங்களுக்கே கூச்சமாகிவிட்டது. ஸ்டேஷனுக்கே வந்து, பெண்கள் காத்திருக்கும் அறையில் இரும்பு நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். அக்கா சொன்னார்: "பெத்த பொண்ணுக்கு ஹாஸ்டல்ல இடம் வாங்கிக் கொடுத்துட்டேன். எனக்கு ஒரு ராத்திரிக்கு இடமில்ல பாரு. ஆதார் இருக்கு, ஓட்டு இருக்கு, கையில காசும் இருக்கு. ஆம்பளைதான் இல்ல."

இரண்டு பெண்கள் சேர்ந்து அறை எடுக்கக் கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் கிடையாது. ஆனாலும் நடந்தது இதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், பொம்பளைங்க தனியா எதுக்கு?" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. கதவைச் சாத்தியது லாட்ஜ்காரர். "வீட்டோடு இரு" என்ற தண்டனை மட்டும் எங்களுக்கா?

"இன்னொரு தடவை போகணும் அக்கா. இந்த முறை வேலையா இல்ல, சும்மா ஊர் பார்க்க. தங்குற இடத்தை முதல்ல உறுதி பண்ணிட்டுப் போகணும்" என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர் மாமனார் ஆறு வருஷமாகப் படுத்த படுக்கை. ராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்த ஆறு வருஷமும் அக்காதான்.

சரி, தங்குவதற்கு என்னதான் வழி இருக்கிறது என்று ஐந்து மாதம் விசாரித்தேன். என் மகளும் போனில் தேடிக் கொடுத்தாள். எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயம் தெரிந்தது. உங்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

ரயிலில் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்திலேயே, 58-வது பிரிவில் இருக்கிறது. தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் 6 படுக்கை பெண்களுக்கென்று ஒதுக்கீடு. தனியாகப் போகிற பெண்ணும் கேட்கலாம், பெண்களாகச் சேர்ந்து போகிறவர்களும் கேட்கலாம், வயது கணக்கில்லை. முன்பதிவு செய்யும்போது "லேடீஸ் கோட்டா இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினால் அதே சட்டத்தின் 162-வது பிரிவுப்படி குற்றம். ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 139. இதை மனப்பாடமே செய்துவிட்டேன்.

அடுத்தது, ஸ்டேஷனிலேயே ஓய்வறை. பெரிய நிலையங்களில் இருக்கிறது. டிக்கெட் உறுதியாகியிருந்தாலோ, ஆர்.ஏ.சி.யில் இருந்தாலோ, டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம். 48 மணி நேரம் வரை தங்கலாம். முதல் பயணத்தில் இது தெரிந்திருந்தால் கேட்டாவது பார்த்திருப்போம்! ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். டார்மிட்டரி என்கிறார்களே, பல கட்டில் போட்ட ஹால், அது சில நிலையங்களில் ஆண்களுக்கு மட்டும்தான். குறைந்த காசில் படுக்கை வேண்டியிருப்பது ஆணுக்கு மட்டும்தானா?

சென்னைக்குப் போகிறவர்களுக்கு, பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற பெண்கள் சங்கத்தின் விருந்தினர் விடுதி இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தபுரம் வளாகத்தில் அறையும் உண்டு, பொது ஹாலும் உண்டு. நம் அரசாங்கம் "தோழி" என்ற பெயரில் பணிபுரியும் மகளிர் விடுதிகளைத் திருச்சி, சேலம், தஞ்சாவூர், வேலூர், விழுப்புரம் என்று பல ஊர்களில் நடத்துகிறது.

இளைஞர் விடுதி என்ற விஷயம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1909-இல் பிள்ளைகளை நடைபயணமாகக் கூட்டிக்கொண்டு போனபோது இடி மழையில் மாட்டிக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, வைக்கோல் மேல் ராத்திரியைக் கழித்தார்கள். லீவு நாளில் பள்ளிக்கூடம் எல்லாம் சும்மாதானே கிடக்கிறது, வழிப்போக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியதாம். இன்று உலகம் முழுக்க இருக்கும் இளைஞர் விடுதிகள் எல்லாம் அந்த மழை ராத்திரியில் பிறந்தவைதான்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் சென்னையிலேயே சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் எழும்பூரில் ஒரு வீட்டில் இளம் விதவைப் பெண்களைத் தங்க வைத்துப் படிக்க வைத்தார். அவரே சின்ன வயதில் விதவை ஆனவர். பின்னால் அந்த இல்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. அங்கே தங்கிப் படித்தவர்கள் டீச்சராக வெளியே வந்தார்கள். முதலில் தங்க ஒரு கூரை, அதற்குப் பிறகுதானே படிப்பு! பெண்ணுக்கு வழி திறக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு கட்டில் போட வேண்டும் என்பது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இனி எங்கள் பயணத்துக்கு வருகிறேன்.

2025 பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில் கன்னியாகுமரிக்குக் கிளம்பினோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் மாதம் ஐந்நூறாக எடுத்து அரிசி டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். பேரிகையிலிருந்து பாகலூர் வழியாக ஓசூருக்கு டவுன் பஸ், டிக்கெட் இல்லை. ஓசூரில் சாயங்காலம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ். எங்கள் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது, அந்த வகையில் ஓசூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்!

புளி சாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு கட்டிக்கொண்டோம். தருமபுரி, சேலம் தாண்டியதும் படுத்தோம். கண் விழித்தால் நெல்லைச் சீமை. நாகர்கோவிலில் இறங்கி, பஸ்ஸில் கன்னியாகுமரி. முன்கூட்டியே போனில் பேசி வைத்திருந்த விடுதிக்குப் போனோம். பெண்களுக்குத் தனி ஹால், எட்டுக் கட்டில். மேஜையில் இருந்த அம்மா நோட்டைத் திருப்பி, "உங்க பேரு?" என்று கேட்டார். அவ்வளவுதான். கூட யார் வந்தார்கள், வீட்டுக்காரர் பேர் என்ன, ஒன்றும் கேட்கவில்லை. அந்த நோட்டில் என் பேரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் ஹாலில் கேரளாவிலிருந்து வந்த ரிடையர்டு டீச்சர் ஒருவர், பரீட்சை எழுத வந்த இரண்டு பெண்கள், பேத்தியோடு ஒரு பாட்டி. ராத்திரி விளக்கை அணைக்கும்வரை பேச்சுதான். டீச்சர் மலையாளத்தில் பேச, அக்கா தெலுங்கு கலந்து பதில் சொல்ல, ஒரே சிரிப்பு. பையைப் பூட்டித் தலைமாட்டில் வைத்து, வீட்டுக்குப் போன் செய்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் நான் எழுந்து பார்த்தால் நன்றாக வெயில் ஏறியிருந்தது. சூரிய உதயம் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தோம், அது போயே போய்விட்டது! பதறிப்போய் அக்காவை எழுப்பினேன். அவர் எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ராத்திரி நான் ஒரு தடவைகூட எழுந்திருக்கல கண்ணு" என்றார். கண்ணில் தண்ணீர். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

யாரோ காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். நாங்கள் போட்ட காபி இல்லை. எங்களுக்காகப் போட்ட காபி. சகோதரிகளே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சொந்தக்காரர் வீட்டுக்கு நாம் விருந்தாளியாகப் போனால் எங்கே இருப்போம்? ஆண்கள் கூடத்தில், நாம் அடுப்படியில். "நீங்க உட்காருங்க அண்ணி" என்று சொல்வார்கள், நாமும் வெங்காயம் உரிக்க உட்காருவோம்! ஊர் மாறுகிறது, அடுப்பு மாறுவதில்லை. காசு கொடுத்துத் தங்கும் இடத்தில்தான் ஒரு குடும்பப் பெண் நிஜமாகவே விருந்தாளி ஆகிறாள்.

அன்று படகில் போய் விவேகானந்தர் பாறை பார்த்தோம். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து, 133 அடி வள்ளுவரிடமும் போனோம். அக்கா பயந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி தூரத்தில் நின்று கீழே கடலைப் பார்த்தார். அப்புறம் கையை விட்டுவிட்டார். மறுநாள் சூரிய உதயமும் பார்த்தோம், விடவில்லை.

"வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்பீர்கள். அக்கா வீட்டில் மாமனாரை அவர் வீட்டுக்காரரும் மகனும் முறை போட்டுப் பார்த்தார்கள். முதல் ராத்திரி மட்டும் இரண்டு தடவை போன் வந்ததாம். இரண்டாம் நாள் வரவில்லை. திரும்பி வந்த பிறகு அவர் வீட்டுக்காரர் வாரத்தில் இரண்டு ராத்திரி தானே எழுந்து பார்க்கிறார். "இது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாது" என்றாராம். பக்கத்து அறையில் ஆறு வருஷமாக நடப்பதைத் தெரிந்துகொள்ள, மனைவி மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது!

என் வீட்டில் சாம்பாரில் உப்பு கூடிப் போனதாகக் கேள்வி. யாரும் செத்துவிடவில்லை.

எதிர்த்துச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, தெரியும். "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்பீர்கள். நானும் பெண் குழந்தை வைத்திருப்பவள்தான், பயமில்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் தனியாக இல்லாமல் சிநேகிதியோடு போனோம். தங்கும் இடத்தை முன்பே பேசி வைத்தோம், புது ஊரில் பகலில் இறங்கினோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பயம் என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பிய லாட்ஜ் எங்களை எங்கே அனுப்பியது? ராத்திரியில் தெருவுக்குத்தானே!

"காசு?" என்பீர்கள். ஒரு பட்டுப் புடவைக்கு ஆகிற பணம்கூட ஆகவில்லை. "ஊர் என்ன சொல்லும்?" ஊர் ஒரு வாரம் சொன்னது. அப்புறம் ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

கைக்குழந்தை இருப்பவர்கள், வீட்டில் அவசர நிலைமை இருப்பவர்கள் விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. சின்ன சம்பளத்தில் மூச்சு முட்டும் குடும்பங்களும் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. முடிகிறவர்கள்கூட "நமக்கு எதுக்கு?" என்று இருந்துவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் கொண்டுவந்தார்கள். 2023 ஜூனில் பக்கத்துக் கர்நாடகத்திலும் அந்த மாநிலப் பெண்களுக்கு இலவச பஸ் கொடுத்தார்கள். போவதற்கு வழி செய்தாகிவிட்டது. போன இடத்தில் தங்குவதற்கு? தோழி விடுதி ஒவ்வொன்றிலும் ஊர் விட்டு ஊர் வரும் குடும்பப் பெண்களுக்கென்று, ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி தங்க நாலு கட்டில் ஒதுக்குங்கள். பிள்ளையைக் காலேஜில் சேர்க்க வருகிறவள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவள், சும்மா ஊர் பார்க்க வருகிறவள் எல்லோருக்கும் பயன்படும். "பணிபுரியும் மகளிர் விடுதி" என்று பெயர் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும் நாங்கள் மட்டும் பணிபுரியாத மகளிரா?

ரயில்வேயும் ஆண்களுக்கு டார்மிட்டரி இருக்கும் நிலையங்களில் பெண்களுக்கும் ஒரு ஹால் தர வேண்டும். லாட்ஜ் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: அடையாள அட்டையைப் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஊர் திரும்பிய அன்று அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஓசூரைத் தாண்டி அவர் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். நாலாம் நாள், நான் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளைகள் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கட்டிலுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்கினாங்க?"

சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இப்போது அரிசி டப்பாவில் நான் போடாத நோட்டும் சில சமயம் இருக்கிறது.

உங்கள் வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது, சகோதரிகளே? உங்கள் கணக்கில் எத்தனை ராத்திரி? எழுதுங்களேன்.

இப்படிக்கு,
பேரிகை வாசகி ஒருத்தி.